காட்டுப் பயணமும் வெட்டுக்கருவியும்: கைக்கோடாரி முதல் பாராங் வரை

காட்டில் நடந்து, காட்டிலேயே இரவு தங்குபவர் தம்முடன் கொண்டுசெல்லும் கோடாரி, கைக்கோடாரி, வெட்டுக்கத்தி, பாராங் ஆகியவை பயண வெட்டுக்கருவிகள் எனப்படும். விறகு பிளப்பது, குடிசைக்குக் கொம்பு வெட்டுவது, வழியை மறிக்கும் கொடியை விலக்குவது, வேட்டையாடிய விலங்கைக் கூறுபோடுவது ஆகிய எல்லா வேலைகளுக்கும் ஒரே கருவி போதுமா என்ற கேள்வி பழமையானது. விடை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அந்தந்தக் காட்டில் வளரும் மரம், இரவின் குளிர், பயணி முதுகில் சுமக்கக்கூடிய எடை ஆகிய மூன்றுமே விடையைத் தீர்மானித்தன. ஆள் பலம் நான்காவதாக வரும்; பலர் அதையே முதலாவதாக எண்ணித் தவறான கருவியை வாங்கிவிடுகின்றனர்.

கல்லிலிருந்து எஃகுக்கு

கைப்பிடியுள்ள தீட்டிய கற்கோடாரிகளின் வரலாற்றில் ஆஸ்திரேலியாவுக்குத் தனி இடம் உண்டு. அக்கண்டத்தின் வடமேற்கே கிம்பர்லி பகுதியிலுள்ள கார்ப்பெண்டர்ஸ் கேப் என்னும் குகைத்தங்கலில் கிடைத்த ஒரு சிறு கற்சில்லு, தீட்டப்பட்ட கோடாரியிலிருந்து தெறித்தது என்றும், அதன் வயது 44,000 முதல் 49,000 ஆண்டுகள் என்றும் 2016இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். விரல் நகத்தளவே உள்ள துண்டு அது.

தெற்கே விக்டோரியா மாநிலத்தில் லான்ஸ்ஃபீல்டு ஊருக்கு அருகில் மவுண்ட் வில்லியம் என்ற குன்று உள்ளது. அங்குள்ள பச்சைக்கல் கோடாரிக்கு மிக உகந்தது. இக்கல்லில் செய்த கோடாரித் தலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு வரை கைமாறிச் சென்றுள்ளன. கல் வேண்டுவோர் தாமே வந்து பெயர்த்துச் செல்ல முடியாது. பொறுப்பாளராக இருந்த உருஞ்செரி மக்களின் தலைவரிடம் கேட்டு, ஒப்போசம் தோல் போர்வை போன்ற பண்டங்களைக் கொடுத்துத்தான் பெறவேண்டும். கடைசியாக அப்பொறுப்பில் இருந்தவர் பில்லிபெல்லாரி. அவருடைய காலத்து நடைமுறைகளை வில்லியம் பராக் என்னும் பெரியவர் பின்னாளில் சொல்லி, அவை பதிவாயின. மரத்தில் கால் வைக்கப் படிபோலக் கொத்தி ஏறி ஒப்போசம் பிடிக்கவும், மரப்பட்டையை உரித்துத் தோணியும் கூரையும் செய்யவும் இக்கோடாரி பயன்பட்டது. இடுப்பு வாரில் செருகிக்கொண்டு நாள் முழுதும் நடக்கக்கூடிய அளவே அதற்கு இருந்தது. இன்றைய பயணிகள் கைக்கோடாரியில் தேடும் குணமும் இதுவே.

எஃகுக் கோடாரி வந்தபோது நேர்ந்ததை லாரிஸ்டன் ஷார்ப் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் எழுதியுள்ளார். கேப் யார்க் தீபகற்பத்தில் வாழ்ந்த யிர் யோரோன்ட் மக்களிடம் 1930களில் தங்கி ஆய்ந்தவர் அவர். கட்டுரை 1952இல் வெளிவந்தது. அம்மக்களின் நிலத்தில் கோடாரிக்கேற்ற கல் கிடையாது. தெற்கே நெடுந்தொலைவிலிருந்து, பங்காளிகள் கைமாற்றிக் கைமாற்றிக் கல் வந்து சேரும். பதிலுக்குத் திருக்கை மீனின் முள் பதித்த ஈட்டிகள் தெற்கே போகும். கோடாரியைச் செய்பவரும் உடையவரும் வயதுவந்த ஆண்களே. விறகு வெட்டப் பெண்கள் அதை அன்றாடம் பயன்படுத்தினாலும், கணவரிடமோ தந்தையிடமோ அண்ணனிடமோ கேட்டு வாங்கித் திருப்பித் தரவேண்டும். யாரிடம் யார் கேட்கலாம் என்ற ஒழுங்கில் அச்சமூகத்தின் உறவுமுறை முழுதும் அடங்கியிருந்தது.

பாதிரிமார்கள் நல்லெண்ணத்தோடு எஃகுக் கோடாரிகளை இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் நேரடியாக வழங்கினர். சில ஆண்டுகளில் முதியவர்கள் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கோடாரி இரவல் கேட்கும் நிலை வந்தது. பங்காளிகள் கூடிப் பண்டம் மாற்றும் திருவிழாக்கள் பொலிவிழந்தன. எஃகு வேலையை விரைவாக்கியது உண்மை. மிச்சமான நேரத்தை மக்கள் பெரும்பாலும் தூக்கத்தில் கழித்தனர் என்று ஷார்ப் குறிக்கிறார். கருவி மாறினால் உழைப்பு மட்டுமே மாறும் என்று நினைக்கும் மாணவர்கள் படிக்கவேண்டிய கட்டுரை அது.

அமெரிக்கக் கோடாரி

வட அமெரிக்காவில் ஐரோப்பியர் மென்மயிர்த் தோல்களுக்கு ஈடாகக் கொடுத்த கோடாரிகள் எளிய அமைப்புடையவை. இரும்புப் பட்டையை வளைத்துக் காம்புத் துளையாக்கி, இரு முனைகளையும் சேர்த்து அடித்து, வாய்ப்பகுதியில் எஃகுத் துண்டைப் பொருத்திக் கொல்லர்கள் செய்தனர். துளைக்குப் பின்புறம் கனம் ஏதும் இராது. எனவே வீசும்போது வாய்ப்பகுதியின் பாரம் முன்னே இழுத்துத் தலை ஆடும், குறி தவறும்.

குடியேறிகள் நாளெல்லாம் மரம் வீழ்த்த வேண்டியிருந்ததால் இக்குறை பெரிதாகத் தெரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்குள்ள கொல்லர்கள் துளையின் பின்புறத்தைத் தடிப்பாக்கினர். முன்னும் பின்னும் எடை ஒத்துப்போனதால் கோடாரி நேராக இறங்கியது. இதுவே அமெரிக்கக் கோடாரி எனப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் அதற்கு வளைந்த காம்பும் வந்தது. காம்புக்கு ஹிக்கரி மரமே சிறந்ததாகக் கருதப்பட்டது. நார் நீளமானது, அதிர்வைத் தாங்கும், எளிதில் முறியாது. தன் இனத்தையே அழிக்கத் துணைபோகிறவனைக் கோடாரிக்காம்பு என்று தமிழில் ஏசுவது வழக்கம். ஹிக்கரிக்கு அந்த வசவு நன்றாகவே பொருந்தும்.

1826இல் கனெக்டிகட் மாநிலத்தில் காலின்ஸ் சகோதரர்களும் அவர்களின் உறவினர் ஒருவரும் கோடாரித் தொழிற்சாலை தொடங்கினர். அதுவரை கொல்லரிடம் வாங்கும் கோடாரிக்கு வாங்கியவரே சாணை பிடித்துக்கொள்ள வேண்டும். காலின்ஸ் நிறுவனம் தீட்டி, உடனே வெட்டக்கூடிய நிலையில் விற்றது. ஊரே காலின்ஸ்வில் எனப் பெயர்பெறும் அளவுக்கு வணிகம் பெருகியது.

நெஸ்முக்கின் கைக்கோடாரி

மரம் வெட்டுவோருக்கு மூன்றரைப் பவுண்டுத் தலையும் நீண்ட காம்பும் சரி. ஆனால் முதுகில் மூட்டையுடன் தனியாகக் காடு சுற்றுபவர் அதைச் சுமப்பது எப்படி? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் (1821–1890). மாசசூசெட்ஸில் பிறந்து பென்சில்வேனியாவின் வெல்ஸ்போரோவில் வாழ்ந்தவர்; தொழிலால் செருப்புத் தைப்பவர். சிறுவயதில் தமக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்த செவ்விந்திய இளைஞர் ஒருவரின் பெயரான நெஸ்முக் என்பதையே புனைபெயராக்கிக்கொண்டு இதழ்களில் எழுதினார். அவர் உயரம் குறைந்தவர், மெலிந்தவர், காசநோயால் வருந்தியவர். எடையைப் பற்றி அவர் எழுதியதை இந்த உடல்நிலையோடு சேர்த்தே படிக்க வேண்டும். சுமக்க இயலாதவர் எதைக் கழிக்கலாம் என்று கணக்கிட்டே ஆகவேண்டும்.

அவருக்காக ஹென்றி ரஷ்டன் என்ற படகுக் கைவினைஞர் செய்துகொடுத்த சேரி கேம்ப் என்னும் சிறு தோணியின் எடை பத்தரைப் பவுண்டு மட்டுமே. 1883இல் அதில் அடிரோண்டாக் மலைப்பகுதி ஏரிகளில் 266 மைல் பயணம் செய்தார். மறு ஆண்டு அவருடைய உட்கிராஃப்ட் என்னும் நூல் வெளிவந்தது.

கைக்கோடாரி தேடிய கதையை அந்நூலில் அவர் நகைச்சுவையுடன் சொல்கிறார். இலேசான கைக்கோடாரி காட்டில் இன்றியமையாதது என்று பன்னிரண்டு வயதுக்கு முன்பே அவருக்குப் பட்டுவிட்டது. கூரைவேலைத் தச்சர்களின் சிறு கோடாரிகளை வாங்கிப் பார்த்தார், சரிப்படவில்லை. கடைச்சரக்கும் சரிப்படவில்லை. தமக்குத் தெரியும் என்று முன்வந்த கொல்லர்களிடம் சொல்லிச் செய்யவைத்தவையோ எல்லாவற்றிலும் மோசம். கனமாகவும் நிறைசமன் இல்லாமலும் இருந்தன. இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. முடிவில் ஒரு மழைநாளில் தாமே மரத்தில் மாதிரி செதுக்கி, அதை எடுத்துக்கொண்டு ராச்செஸ்டர் நகருக்குப் போய், அறுவை மருத்துவக் கருவிகள் செய்யும் ஒருவரிடம் கொடுத்தார். விலை 3 டாலர். போகவர ஆன செலவும் இழந்த நாட்களும் தனி. காம்பும் தோலுறையும் அவரே செய்துகொண்டார்.

அறுவைக் கருவி செய்பவரிடம் அவர் போனதற்குக் காரணம் உண்டு. மெல்லிய வாயுள்ள சிறு கருவிக்குப் பதம் சரியாக அமையவேண்டும். எஃகு மிகக் கடினமானால் முடிச்சில் பட்டு வாய் பெயரும், மென்மையானால் மடங்கும். தடித்த கோடாரியில் இப்பிழை அதிகம் தெரியாது. கலப்பையும் லாடமும் அடித்துப் பழகிய கொல்லருக்கு அந்த நுணுக்கம் தேவைப்பட்டதில்லை.

நெஸ்முக்கின் கருவி இருபுறமும் வாயுள்ளது. இருவாய்க் கோடாரிகளில் ஒரு வாயை மெல்லியதாகத் தீட்டி நல்ல மரத்துக்கும், மற்றதைச் சற்றுத் தடிப்பாக விட்டு முடிச்சுக்கும் எலும்புக்கும் பயன்படுத்துவது மரவெட்டிகளின் வழக்கம். அதைச் சட்டைப்பை அளவுக்குச் சுருக்கியதே அவர் செய்தது. இதனுடன் மெல்லிய அலகுள்ள ஓர் உறைக்கத்தியும், மடக்குக்கத்தியும் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பெரிய வேட்டைக்கத்தி ஒன்றாலேயே எல்லாம் ஆகும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை.

பெரிய கோடாரியின் பக்கம்

ஹோரஸ் கெப்பார்ட் (1862–1931) செயின்ட் லூயிஸ் நகரில் நூலகராக இருந்தவர். உடலும் மனமும் சோர்ந்து, குடும்பத்தைப் பிரிந்து, 1904இல் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் குடிசையொன்றில் வாழச் சென்றார். 1906இல் வெளியான அவருடைய முகாம் நூல் பல பதிப்புகள் கண்டது. துப்பாக்கி வாங்கும்போது காட்டும் கண்டிப்பைக் கைக்கோடாரி தேர்வதிலும் காட்டவேண்டும் என்பது அவர் கருத்து. கனத்த வேட்டைக்கத்தி அந்த வேலையைச் செய்யும் என்பதை மயக்கம் என்றே ஒதுக்கினார். ஆனால் நெஸ்முக்கின் வழியை எல்லாருக்கும் அவர் பொதுவாக்கவில்லை. நடந்து போகிறவருக்குக் கைக்கோடாரி. ஒரே இடத்தில் நாட்கணக்கில் தங்குகிறவருக்கும் குளிர்காலக் காட்டில் இருப்பவருக்கும் முழுக்கோடாரி என்று பிரித்தார்.

இந்தப் பிரிவு எடையை மட்டும் பொறுத்ததல்ல. வட கனடாவின் ஊசியிலைக் காட்டில் உறைநிலைக்கு 30 பாகை கீழான இரவை, போதிய போர்வையின்றிக் கழிக்கவேண்டிய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குச் சுள்ளித்தீ போதாது. ஆள் நீளத்துக்கு நெருப்பு வேண்டும். இரவு முழுதும் நின்று எரிய நெடுங்கட்டைகள் வேண்டும். நின்றபடியே காய்ந்த மரத்தை வீழ்த்தித் துண்டுபோடவும் வேண்டும். கைக்கோடாரியால் இது முடியும். ஆனால் வியர்த்துப்போவார், வியர்வையில் நனைந்த உடை அதே இரவில் அவரைக் கொல்லும். நூல் பல எழுதிய கனடியக் காட்டாசிரியர் மோர்ஸ் கொச்சான்ஸ்கி முழுக்கோடாரியையே வற்புறுத்தியதற்கு இதுவே அடிப்படை. கோடாரித் தலையை உள்ளங்கையில் ஏந்தி, காம்பைக் கைநீளத்துக்கு வைத்தால் அதன் நுனி அக்குளில் பொருந்தவேண்டும் என்பது அவர் சொன்ன அளவு. ஒவ்வொருவர் உடலுக்கும் தக மாறும் அளவு என்பதால் அங்குலக் கணக்கைவிட இது பயனுள்ளது.

காயத்தின் கணக்கும் உண்டு. குறுங்காம்பே ஆபத்தில்லாதது என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. நின்றபடி நீண்ட காம்புக் கோடாரியை வீசிக் குறி தவறினால், அதன் வட்டம் பெரிதாகையால் தலை பெரும்பாலும் காலுக்கு முன்னால் தரையில் இறங்கும். குறுங்காம்பு தவறினால் வட்டம் முழங்காலிலோ கணைக்காலிலோ முடியும். அதனால்தான் கைக்கோடாரியைப் பயன்படுத்துபவர் மண்டியிட்டு வெட்டவேண்டும் என்று பழகியவர்கள் கற்பிக்கின்றனர். மருத்துவமனை மூன்று நாள் நடைத்தூரத்தில் இருக்கும் இடத்தில் கணைக்கால் வெட்டு சிறிய செய்தியல்ல. கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் தன்மை பெறுவதால், வெட்டுமுன் கோடாரி வாயை நெருப்பருகே காட்டி மெல்லச் சூடேற்றிக்கொள்வதும் வடக்கே வழக்கம்.

இவ்விரண்டுக்கும் நடுவே, மென்மயிர் வணிகத்தின் பெயரால் ஹட்சன் பே கோடாரி என அழைக்கப்படும் இலேசான வகையும் உண்டு. அழகான கருவிதான். ஆனால் காம்புத் துளை ஆழம் குறைந்தது. தலை தளரும் என்ற குறை நெடுநாளாகவே அதற்கு உண்டு. ஸ்காண்டினேவியாவின் வடகோடியில் சாமி மக்கள் லெயுக்கு என்னும் நீண்ட கத்தியைக் கொண்டே விறகும் எலும்பும் வெட்டுகின்றனர். அங்குள்ள குட்டைப் பிர்ச் மரங்களுக்குக் கோடாரி தேவையில்லை.

வெப்பமண்டலக் காட்டின் கத்தி

மழைக்காட்டில் கோடாரி பெரும்பாலும் வீண்சுமை. அங்கே வழியை மறிப்பவை நெடுமரங்களல்ல. கொடி, பிரம்பு, நாணல், இளமூங்கில். கோடாரியின் தடித்த வாய் கொடியில் பட்டால் கொடி வளைந்துகொடுத்துத் தட்டிவிடும். மெல்லிய நீண்ட அலகு வேகமாகப் பாய்ந்தால், கொடி விலகுமுன் அறுந்துவிடும். வெட்டுக்கத்தியின் பலம் வேகத்தில் இருக்கிறது, கனத்தில் அல்ல. அலகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பே இருக்கும். எஃகையும் வேண்டுமென்றே சற்று மென்மையாகவே பதப்படுத்துவார்கள். கல்லில் பட்டு மழுங்கினால் நடுவழியில் ஓர் அரத்தாலேயே தீட்டிக்கொள்ளலாம்.

இலத்தீன் அமெரிக்காவில் மச்செட்டே எனப்படும் இக்கருவி கரும்புத் தோட்டத்திலும் காட்டுவழியிலும் ஒருசேர விளங்கியது. கியூபா விடுதலைப் போரில் படைக்கலமாகவும் ஆயிற்று. மேலே சொன்ன காலின்ஸ் நிறுவனம், கோடாரியில் பெற்ற பெயரோடு மச்செட்டேயிலும் இறங்கி, நாட்டுக்கொரு வடிவமாகப் பல வகைகளைச் செய்து தெற்கே அனுப்பியது. ஒரு நாட்டார் கேட்ட முனைவளைவு அடுத்த நாட்டில் விலைபோகவில்லை. கருவியைத் தேர்ந்தவர் ஆலை முதலாளி அல்லர், உழைப்பாளியே என்பதற்கு அந்த விலைப்பட்டியல்களே சான்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை தன் வீரர்களுக்கு 18 அங்குல அலகுள்ள மச்செட்டேயை வழங்கியது. காலின்ஸ்வில் ஆலை 1966இல் மூடப்பட்டது.

தென்கிழக்காசியாவின் பாராங் மச்செட்டேயைவிடத் தடித்தது. அலகு நுனியை நோக்கி அகன்று கனக்கும், பிடியருகே குறுகும். மலாய் காடுகளில் கொடியைவிடக் கட்டையான செடிகளும் முற்றிய மூங்கிலும் மிகுதி என்பதால் இந்த அமைப்பு. பிடியருகே உள்ள பகுதியால் நுண்வேலையும், நடுப்பகுதியால் வெட்டும், நுனியால் தோலுரிப்பும் செய்வார்கள். 1850களில் போர்னியோவில் பூச்சியும் பறவையும் சேகரித்த ஆல்பிரட் ரசல் வாலஸ், தயாக் மக்கள் தம் வெட்டுக்கத்தியையும் மூங்கிலையும் கொண்டே வேண்டியதையெல்லாம் செய்துகொள்வதை வியந்து எழுதினார். அடித்த மூங்கில் முளைகளையே ஏணியாக்கி அவர்கள் நெடுமரம் ஏறிய விதத்தை விரிவாகவே வருணிக்கிறார்.

பாராங் என்ற சொல் மலேசியத் தமிழர் பேச்சில் கலந்துவிட்டது. அங்கே பாராங் கத்தி என்றால் குழந்தைக்கும் தெரியும். ரப்பர்த் தோட்டங்களுக்காகக் காடழித்த தலைமுறையின் கைகளில் இருந்தது அதுவே. இதே மக்களில் பல்லாயிரவர் 1942–43இல் சப்பானியரால் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர்ப் பாதையின் பெரும்பகுதி கோடாரி, மண்வெட்டி, கூடை போன்ற கைக்கருவிகளால் உருவானது. மூங்கில் கொட்டகைகளில் மழையில் கிடந்து, காலராவாலும் பட்டினியாலும் எண்ணிறந்தோர் மடிந்தனர். காட்டில் தங்குவது பற்றிய நூல்கள் எல்லாம் விரும்பிப் போனவர்கள் எழுதியவை. இவர்கள் எழுதவில்லை.

தமிழ்நாட்டின் வெட்டரிவாளும் இலங்கையில் காடு வெட்டப் பயன்படும் காட்டுக்கத்தியும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அரிவாளின் முன்வளைவு கிளையைக் கொக்கிபோல் இழுத்து நிறுத்தி வெட்டும். முள்மரம் மிகுந்த வறண்ட நிலத்துக்கு ஏற்றது. நேப்பாளத்தின் குக்ரியும் முன்கனம் உடையதே, ஆனால் குட்டையானது. மலைப்பாதையில் இடுப்பில் செருகி ஏறுபவருக்கு நீண்ட அலகு தடையாகும்.

இன்றைய தேர்வு

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூடாரமும் தூங்குபையும் இலேசாயின, எரிவாயு அடுப்பு வந்தது. குடிசைக்குக் கொம்பு வெட்டவேண்டிய தேவை போயிற்று. பல நாடுகளின் தேசியப் பூங்காக்களில் பச்சை மரம் வெட்டுவதும், சில இடங்களில் தீ மூட்டுவதும் தடைசெய்யப்பட்டன. மணிக்கட்டளவுக் கட்டையை மட்டும் துண்டுபோட வேண்டியவருக்கு மடிப்பு இரம்பமே போதும். எடை குறைவு, வீச்சு இல்லை, காயமும் அரிது. பிளக்க மட்டும் அது உதவாது. ஆகவே இரம்பமும் உறுதியான ஒரு கத்தியும் கொண்டு, கத்தியின் முதுகில் கட்டையால் தட்டிப் பிளப்பதே நடைபயணிகளின் பொது வழக்கமாகிவிட்டது. கோடாரிக்கான உண்மையான தேவை வடபுலக் குளிர்காலத்திலும், வெட்டுக்கத்திக்கான தேவை பாதையற்ற மழைக்காட்டிலும் இன்றும் அப்படியே உள்ளது.

இந்தியாவில் மலையேற்றம் செல்லும் மாணவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இன்றி எவரும் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. அச்சட்டம் ஆயுதம் எனப் பட்டியலிடுபவற்றுள் துப்பாக்கி, கண்ணி, வலை ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது.